குடைக்காரர் எங்கே? தேடல் படப்புத்தகங்களை வீட்டில் படிக்கும் வழி

குழந்தைக்கு வாங்கலாம் என்று ஒரு படப்புத்தகத்தைப் பிரிக்கிறீர்கள். உள்ளே ஒரு வரிகூட எழுத்தில்லை. பக்கம் முழுக்க ஒரு சந்தை. ஏகப்பட்ட மனிதர்கள், சைக்கிள், சிதறிக் கிடக்கும் ஆரஞ்சுப் பழங்கள், ஏணி மேல் ஒருவர், ஏணிக்கு அடியில் தூங்கும் பூனை. இதில் படிக்க என்ன இருக்கிறது, இத்தனை விலை கொடுத்து வாங்கிப் பத்து நிமிடத்தில் புரட்டி முடித்துவிட்டால் என்ன செய்வது என்று தோன்றும். நியாயமான சந்தேகம்தான்.

இந்த வகையை இங்கே தேடல் படப்புத்தகம் என்று சொல்கிறேன். கூட்டமும் பொருள்களும் நிறைந்த பெரிய படத்துக்குள் ஒரு ஆளையோ பொருளையோ தேடிக் கண்டுபிடிக்க வேண்டும், அதுதான் விளையாட்டு. வார இதழ்களில் வரும் 'ஆறு வித்தியாசங்கள்' படத்துக்கு இது தூரத்துச் சொந்தம். அங்கே ஆறும் கிடைத்ததும் பக்கத்தைத் திருப்பிவிடுவோம். இங்கே கிடைத்த பிறகுதான் பேச்சே ஆரம்பிக்கிறது. புத்தகம் பத்து நிமிடத்தில் தீர்ந்துபோகுமா, பல மாதம் தாக்குப்பிடிக்குமா என்பது குழந்தையைவிடப் பக்கத்தில் உட்காரும் பெரியவரைப் பொறுத்தது.

கடையில் எல்லாம் ஒரே அலமாரியில் இருந்தாலும் இவற்றில் இரண்டு வகை உண்டு. வாங்கும்முன் இதைத் தெரிந்துகொண்டால் பாதித் தொல்லை குறையும்.

முதல் வகையில், யாரைத் தேட வேண்டும் என்று புத்தகமே சொல்லிவிடும். இதில் உலகப் புகழ் பெற்றது, இங்கிலாந்து ஓவியர் மார்ட்டின் ஹாண்ட்ஃபோர்டின் 'வேர்ஸ் வாலி?'. 1987-இல் வந்தது. சிவப்பும் வெள்ளையும் கோடு போட்ட சட்டை, குஞ்சம் வைத்த தொப்பி, வட்டக் கண்ணாடி, கைத்தடி. இந்த ஆள் கடற்கரை, ரயில் நிலையம், விமான நிலையம் என்று 12 பெரும் கூட்டங்களில் தொலைந்து நிற்கிறார். அமெரிக்காவில் அவர் பெயர் வால்டோ, ஜெர்மனியில் வால்டர், பிரான்சில் சார்லி.

இரண்டாம் வகையில் கட்டளையே இல்லை. ஒரு ஊரை அப்படியே திறந்து வைத்ததுபோல் படம் இருக்கும், எதைப் பார்ப்பது என்பது உங்கள் விருப்பம். இவற்றின் தாயகம் ஜெர்மனி. அங்கே இதை 'விம்மெல்புக்' (ஆட்கள் மொய்க்கும் படப்புத்தகம்) என்கிறார்கள். மூனிக் நகரத்து ஓவியர் அலி மிட்குச் 1968-இல் தன் நகர வாழ்க்கையைப் பெரிய பெரிய பக்கங்களில் வரைந்தார். மறு ஆண்டே அதற்கு அந்த நாட்டின் இளையோர் இலக்கிய விருது கிடைத்தது. இந்த வகைக்கு வழி திறந்தது அந்தப் புத்தகம்தான்.

அவருக்குப் பின் வந்தவர்களில் என் ஓட்டு ரோட்ராவுட் சுசான் பெர்னருக்கு. 2003-இல் தொடங்கிய அவருடைய வரிசையில் ஒரே சின்ன ஊர் பனிக்காலம், வசந்தம், கோடை, இலையுதிர்காலம் என்று புத்தகத்துக்குப் புத்தகம் மாறுகிறது. பிறகு இரவுக்கும் ஒன்று வரைந்தார். பக்கம் திருப்பத் திருப்ப அதே ஆட்கள் அடுத்தடுத்த தெருவில் வருகிறார்கள். முதல் பக்கத்தில் பேருந்தைப் பிடிக்க ஓடியவர் கதி என்ன ஆயிற்று என்பது பின்னால் தெரியும். குழந்தை நூல் ஓவியர்களுக்கான உயரிய பரிசான ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் விருது 2016-இல் அவருக்குக் கிடைத்தது. ஒரு துணுக்கு: இந்த வரிசையை வெளியிட நினைத்த அமெரிக்கப் பதிப்பாளர் ஒருவர், படத்தில் புகை பிடிப்பவர்களையும், அருங்காட்சியகக் காட்சியில் இருந்த கடுகளவு நிர்வாணச் சிலையையும் எடுக்கச் சொன்னார். பெர்னர் மறுத்துவிட்டார். அந்தச் சிலையைக் கண்டுபிடிக்கவே உருப்பெருக்கிக் கண்ணாடி வேண்டியிருந்திருக்கும்!

கூட்டத்தை வரைந்து தேடவிடுவது புதிய யோசனையும் அல்ல. நெதர்லாந்து வட்டாரத்து ஓவியர் பீட்டர் புரூகல் 1560-இல் வரைந்த 'குழந்தை விளையாட்டுகள்' வியன்னா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஒரே பலகையில் இருநூறுக்கும் மேற்பட்ட குழந்தைகள், சுமார் எண்பது விளையாட்டுகள். இணையத்தில் பெரிதாக்கிப் பார்க்கலாம். நம் பச்சைக்குதிரை அதில் இருக்கிறது. அஞ்சாங்கல்போல எலும்புத் துண்டுகளை வைத்து ஆடுகிறவர்களும் ஒரு மூலையில் இருக்கிறார்கள். ஐந்தாறு வயதுக் குழந்தையோடு உட்கார்ந்து தேட இது காசில்லாத தேடல் படம்.

சரி, என் குழந்தைக்கு எந்த வகை என்று கேட்பீர்கள். இரண்டு வயதுப் பிள்ளைக்கு வாலியை வாங்கிக் கொடுக்காதீர்கள். பரிசாக வருவது பெரும்பாலும் அதுதான், புத்தகம் பிரபலம் என்பதால். அந்த வயதில் அது வெறும் இரைச்சல். குழந்தை ஒரு பக்கம் பார்த்துவிட்டு ஓடிவிடும், வீட்டில் 'இவனுக்குப் புத்தகமே பிடிக்கவில்லை' என்று முடிவு கட்டிவிடுவார்கள்.

ஒரு வயதை ஒட்டிக் குழந்தை விரல் நீட்டிக் காட்டத் தொடங்கும். அதற்குச் சில மாதம் முன்பே, நீங்கள் பார்க்கும் திசையில் தானும் பார்க்கப் பழகியிருக்கும். நீங்களும் குழந்தையும் ஒரே பொருளை, சேர்ந்து பார்க்கிறோம் என்ற நினைவோடு பார்ப்பதற்குக் கூட்டுக் கவனம் (இருவர் பார்வையும் ஒரு பொருளில் சேர்வது) என்று பெயர். பேச்சு முளைக்கும் நிலம் அதுதான். இந்த வயதுக்குப் பக்கத்துக்கு ஐந்தாறு பொருள் போதும். தெளிவான ஓரக்கோடு, நிறைய வெற்றிடம், கெட்டி அட்டை. எரிக் ஹில் 1980-இல் செய்த 'வேர்ஸ் ஸ்பாட்?' மாதிரி மடிப்பைத் தூக்கிப் பார்க்கும் புத்தகங்களும் பொருந்தும். கதவுக்குப் பின்னால் நாய்க்குட்டி இருக்கிறதா என்று பார்ப்பதும் தேடல்தானே!

இரண்டு வயது தாண்டினால் விம்மெல்புக் வகை. கூட்டம் இருக்கும், ஆனால் தோற்பதற்கு ஒன்றுமில்லை, ஏனென்றால் எதையும் கண்டுபிடிக்கச் சொல்லவில்லை. பலரும் இந்த வரிசையைத் தலைகீழாக நினைக்கிறார்கள். கூட்டப் படம் என்றாலே பெரிய பிள்ளைகளுக்கு என்று எண்ணம். கூட்டம் பிரச்சினை இல்லை. கூட்டத்துக்குள் ஒரே ஒருவனைப் பிடித்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம்தான் சின்னப் பிள்ளையைச் சோர வைக்கிறது.

மூன்று, நான்கு வயதில், சின்னதாக ஒரு தேடல் வேலை வைக்கும் புத்தகங்கள் ருசிக்கும். ரிச்சர்டு ஸ்கேரி 1974-இல் வரைந்த வண்டிகள் பற்றிய புத்தகத்தில் 'கோல்டுபக்' என்று ஒரு மஞ்சள் பூச்சி பக்கத்துக்குப் பக்கம் ஒளிந்திருக்கும். கதை அது பாட்டுக்குப் போகும், பூச்சியைத் தேடுவது கொசுறு. வால்டர் விக் புகைப்படம் எடுக்க, ஜீன் மார்சோலோ பாட்டு எழுத, 1992-இல் தொடங்கிய 'ஐ ஸ்பை' வரிசையில் கோலிக்குண்டு, பொத்தான், பொம்மைக் கார் என்று நிஜப் பொருள்களின் படங்கள். ஆங்கிலம் தெரியாவிட்டால் பாட்டை விட்டுவிட்டுப் படத்தை மட்டும் வைத்துக்கொள்ளலாம். ஆல்பெர்க் தம்பதியரின் 'ஈச் பீச் பியர் பிளம்' (1978) அருமையான புத்தகம்தான். ஆனால் அதில் ஒளிந்திருப்பவர்கள் ஆங்கிலக் குழந்தைப் பாடல்களிலும் கதைகளிலும் வருபவர்கள். அவர்களைத் தெரியாத குழந்தைக்கு, 'அட, இவரா!' என்ற மகிழ்ச்சி கிடைக்காது.

வாலி ஐந்து, ஆறு வயதுக்கு மேல். பெரியவர்களுக்கே அவர் லேசில் அகப்படுவதில்லை. 2013-இல் பென் பிளாட் என்பவர் 68 வாலி படங்களை அளவெடுத்துப் பார்த்தார். பாதிக்கும் சற்று மேற்பட்ட படங்களில், பக்கத்தின் குறுக்கே போகும் இரண்டு குறுகிய பட்டைகளுக்குள்ளேயே வாலி நின்றிருந்தார். இந்த ரகசியத்தைப் பிள்ளைகளிடம் சொல்லாதீர்கள்.

கண் முன்னால் இருப்பதுகூடக் குழந்தைக்குத் தெரியவில்லையே, ஏன்? பல பெற்றோர் பொறுமை இழக்கும் இடம் இது. 'அதோ இருக்குல்ல, கண்ணைத் திறந்து பாரு' என்பார்கள். குழந்தை கண்ணைத் திறந்துதான் வைத்திருக்கிறது.

கையை முழுதாக நீட்டிக் கட்டைவிரலை நிமிர்த்துங்கள். ஏறக்குறைய அந்த நகத்தின் அகலத்துக்குத்தான் நம் கண்ணுக்கு ஒரு நேரத்தில் துல்லியமாகத் தெரியும். சுற்றியுள்ளதெல்லாம் மங்கல்தான். கண் விநாடிக்கு மூன்று முறை போலத் தாவித் தாவிப் பார்ப்பதால் எல்லாமே தெளிவாகத் தெரிவதாக நினைத்துக்கொள்கிறோம். பெரியவர்கள் ஓரளவு வரிசையாகத் தாவுவார்கள், பார்த்த இடத்தை நினைவில் வைத்திருப்பார்கள். சின்னப் பிள்ளைகள் பளிச்சென்று இருக்கும் இடத்துக்கே திரும்பத் திரும்பப் போவார்கள். போதாததற்கு, 'தேடுவது குடை' என்பதையும் மனசில் பிடித்து வைத்திருக்க வேண்டும். நடுவில் ஒரு யானை வந்தால் குடை மறந்துபோகும்.

இன்னொன்றும் உண்டு. நீலப் பந்துகளுக்கு நடுவே ஒரு சிவப்புப் பந்து இருந்தால் தேடவே வேண்டாம், அதுவே கண்ணில் வந்து விழும். சிவப்புப் பெட்டிகளும் நீலப் பந்துகளும் கலந்து கிடக்கும் இடத்தில் ஒரு சிவப்புப் பந்தைத் தேடினால் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டியிருக்கும், நிறமும் உருவமும் இரண்டும் சேர்ந்து பொருந்த வேண்டும் என்பதால். ஆன் ட்ரீஸ்மன் என்ற உளவியலாளர் 1980-இல் இந்த வேறுபாட்டை விளக்கினார். ஹாண்ட்ஃபோர்டு செய்யும் குறும்பும் இதுதான். வாலிக்கு அருகிலேயே சிவப்பு வெள்ளைக் குடை, கோடு போட்ட துண்டு, கோடு போட்ட கூடாரம் என்று பொய்க்குறிகளை வைத்துவிடுவார்.

இதிலிருந்து உங்களுக்கு என்ன பயன்? கடையில் புத்தகத்தைப் பிரித்து, தேட வேண்டிய பொருள் மற்றவற்றிலிருந்து எவ்வளவு விலகித் தெரிகிறது என்று பாருங்கள். உருவங்கள் ஒன்றோடு ஒன்று உரசாமல் கொஞ்சம் இடைவெளி இருக்கிறதா என்றும் பாருங்கள். நெருக்கி வரைந்தால் ஒவ்வொன்றையும் பிரித்தறிவது சிரமம் (இதை நெரிசல் விளைவு என்பார்கள்), சின்னப் பிள்ளைகளுக்கு அந்தச் சிரமம் பெரியவர்களைவிட அதிகம். கை அகலப் புத்தகமாகச் சுருக்கி அச்சிட்ட மலிவுப் பதிப்புகள் இதனால்தான் வீணாகின்றன. தேடல் புத்தகம் பெரிதாக இருக்க வேண்டும். தரையில் விரித்துப் போட்டு இரண்டு பேர் குப்புறப் படுத்துப் பார்க்கிற அளவு இருந்தால் உத்தமம்.

இப்போது முக்கியமான கேள்வி. பக்கத்தில் உட்கார்ந்து நான் என்ன செய்வது?

முதலில் ஒன்றும் செய்யாதீர்கள். பக்கத்தைத் திறந்துவிட்டுச் சும்மா இருங்கள். பத்து, இருபது விநாடி போகட்டும். குழந்தையின் விரல் எங்காவது போய் நிற்கும். அங்கிருந்து பேச்சைத் தொடங்குங்கள். நீங்கள் காட்ட நினைத்தது யானையாக இருக்கலாம், குழந்தைக்குப் பிடித்தது சாக்கடை மூடியாக இருக்கலாம். சாக்கடை மூடியைப் பற்றியே பேசுங்கள்.

நம் வீடுகளில் ஒரு பழக்கம் உண்டு. புத்தகத்தைத் திறந்ததும் தேர்வு ஆரம்பித்துவிடும். 'டாக் எங்கே? கேட் எங்கே? இது என்ன கலர்?' விருந்தாளி முன்னால் என்றால் இன்னும் வேகமாக. இதில் குழந்தை சொல்ல வேண்டிய பதில் ஒரே ஒரு சொல், அல்லது வெறும் விரல். இப்படிக் கேட்பது தப்பில்லை, ஆனால் சீக்கிரம் வறண்டுவிடும். ஒரு சொல்லில் முடியாத கேள்வியைக் கேளுங்கள். 'இவர் ஏன் இப்படி ஓடுறார்?' 'அந்தம்மா யார்கூட சண்டை போடுறாங்க?' 'இந்த நாய் அடுத்து என்ன செய்யும்னு நினைக்கிறே?' பதில் சரியா தப்பா என்பதே கிடையாது. 'அவருக்கு ஒண்ணுக்கு வருது, அதான் ஓடுறார்' என்று மூன்று வயசு சொன்னால், அதுதான் பதில்.

இப்படிப் படிப்பதற்கு உரையாடல் வாசிப்பு (கேட்டும் பதிலை நீட்டியும் சேர்ந்து படிப்பது) என்று பெயர். அமெரிக்காவில் குரோவர் வைட்ஹர்ஸ்ட் குழுவினர் 1988-இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டு வயதை ஒட்டிய பிள்ளைகளின் பெற்றோருக்கு இந்த முறையைக் கற்றுக்கொடுத்தார்கள். வழக்கம்போலப் படித்த வீட்டுப் பிள்ளைகளைவிட இவர்கள் வீட்டுப் பிள்ளைகள் பேச்சில் முன்னால் போனார்கள். இரு தரப்புக்கும் படப்புத்தகம் இருந்தது. மாறியது பெற்றோர் பேசிய விதம்.

பதிலை நீட்டுவது என்றால்? குழந்தை 'நாய்' என்றால் நீங்கள் 'ஆமா, ஈரமா இருக்கிற நாய். குளத்துல விழுந்திருக்குமோ?' என்று இரண்டு சொல் கூட்டிக் கொடுங்கள். அடுத்த முறை 'ஈர நாய்' என்று அதன் வாயிலிருந்தே வரும்.

தேடச் சொல்லும்போது பெயரைச் சொல்லாமல் குறிப்புச் சொல்லிப் பாருங்கள். 'மழை வந்தா பிடிப்போமே, அது எங்கே?' 'தாத்தா மூக்குல மாட்டியிருப்பாரே, அதே மாதிரி ஒருத்தர் வச்சிருக்கார்.' இடத்துக்கான சொற்கள் இந்த விளையாட்டில் தானாகவே வந்து விழும்: மேலே, அடியில், பின்னாடி, நடுவுல, ஓரத்துல, எதிர்த்தாப்புல. சாதாரண நாளில் இத்தனை முறை இவற்றைச் சொல்ல வாய்ப்பே வராது.

கண்டுபிடிக்க முடியாமல் முகம் சுருங்கினால்? நீங்களே விரலால் காட்டிவிடாதீர்கள். அந்த நொடியில் விளையாட்டு செத்துவிடும். ஒரு செய்தித்தாளை எடுத்துப் பாதிப் பக்கத்தை மூடுங்கள். 'இந்தப் பாதியிலதான் இருக்கு.' அதுவும் கடினமென்றால் கால்வாசியைத் திறந்து வையுங்கள். பெரிய தாளின் நடுவே உள்ளங்கை அளவு ஓட்டை வெட்டி, படத்தின்மேல் இடமிருந்து வலமாக மெல்ல நகர்த்துவதும் நல்ல உத்தி. வரிசையாகத் தேடுவது என்றால் என்ன என்று சொல்லிப் புரிய வைக்க முடியாததை அந்த ஓட்டை புரிய வைத்துவிடும்.

பிறகு ஆளை மாற்றுங்கள். குழந்தை கேட்கட்டும், நீங்கள் தேடுங்கள். இந்த முறை பெரும்பாலும் உண்மையாகவே திணறுவீர்கள். நீங்கள் கவனிக்காத நத்தையை அது என்றைக்கோ பார்த்து வைத்திருக்கும். அந்த வெற்றியில் எழும் சிரிப்புக்காகவே மறுநாள் புத்தகம் உங்கள் மடிக்கு வரும்.

ஒரே பக்கத்தையே தினமும் கேட்கிறாள், எல்லாம் மனப்பாடமாகிவிட்டது, இன்னும் என்ன பயன் என்று சிலர் கேட்கிறார்கள். மனப்பாடமானதால்தான் கேட்கிறாள். எங்கே இருக்கிறது என்று தெரிந்தே போய்த் தொடுவது அந்த வயதில் பெரிய சுகம். தேடல் முடிந்துவிட்டது, இனி கதை கட்டும் நேரம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஏணி மேல் நிற்பவருக்குப் பெயர் வைக்கச் சொல்லுங்கள். பெர்னரின் ஊரைப்போல ஆட்கள் தொடர்ந்து வரும் புத்தகமென்றால், ஒரு நாளைக்கு ஒரே ஆள் என்று பிடித்துக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை அவர் பின்னாலேயே போகலாம்.

எந்த மொழியில் பேசுவது? உங்கள் வீட்டு மொழியில். எழுத்தில்லாத புத்தகத்தின் பெரிய சௌகரியமே இதுதான். ஜெர்மனியில் வரைந்த படம் திருநெல்வேலியில் திருநெல்வேலித் தமிழில் ஓடும். படிக்கத் தெரியாத ஆச்சியும் கூச்சமில்லாமல் இதைப் 'படித்து'க் காட்டலாம், பெரும்பாலும் அப்பா அம்மாவைவிட நன்றாகவே செய்வார், அவசரம் இல்லாததால். டொரண்டோவிலோ லண்டனிலோ வளரும், தமிழ் எழுத்து இன்னும் பிடிபடாத பிள்ளையை ஒரு மணி நேரம் தமிழிலேயே பேச வைக்கவும் இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை.

படமெல்லாம் பனியும் புகைபோக்கியுமாக இருக்கிறதே, நம் பிள்ளைக்கு ஒட்டுமா என்ற கேள்வி பாதி சரி. பனிச்சறுக்கைப் பார்த்துக் குழந்தை மிரளாது, ஆர்வமாகத்தான் பார்க்கும். ஆனால் தான் தினமும் பார்க்கும் ஆட்டோவும் பூக்கடையும் புத்தகத்தில் வரும்போது பேச்சு பெருகுவது வேறு மாதிரி. அதற்கு நம் பக்கம் தேட வேண்டியிருக்கிறது. சென்னை தூலிகா பதிப்பகம் மஞ்சுளா பத்மநாபனின் 'ஐ ஆம் டிஃபரன்ட்! கேன் யூ ஃபைண்ட் மீ?' புத்தகத்தை வெளியிட்டிருக்கிறது. ஒன்று மட்டும் வேறுபட்டிருக்கும் படங்கள். கேள்வி ஒவ்வொரு பக்கத்திலும் வேறு வேறு மொழியில் வரும். பிரதம் புக்ஸின் 'ஸ்டோரிவீவர்' இணையதளத்தில் தமிழ் உட்படப் பல மொழிகளில் படக்கதைகள் இலவசம், இறக்கி அச்சிட்டும் கொள்ளலாம். கூட்டமான பக்கம் உள்ள கதையாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். வாங்கும்முன் பிள்ளைக்குப் பிடிக்கிறதா என்று பார்க்க, சென்னை அண்ணா நூற்றாண்டு நூலகம், மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகம் இரண்டிலும் குழந்தைகள் பிரிவு இருக்கிறது.

காசு செலவழிக்காமலும் முடியும். உங்கள் கல்யாண ஆல்பத்தில் பந்திப் படம் ஒன்று இருக்குமே, அதை எடுங்கள். 'சித்தப்பா எங்கே? பெரியம்மாவுக்குப் பின்னாடி நிக்கிறது யாரு? யார் இலையில அப்பளம் இல்லை?' சொந்தபந்தத்தை முறை சொல்லிக் கூப்பிடப் பழக்க இதைவிடச் சுருக்கு வழி இல்லை. மாடியிலிருந்து தெருவைப் புகைப்படம் எடுத்துப் பெரிதாக அச்சடித்தால் அதுவும் ஒரு பக்கம். நவராத்திரியில் கொலு பார்க்கப் போகும் வீட்டில் படிக்கட்டு முழுக்கத் தேடலாம், கையை மட்டும் பின்னால் கட்டிக்கொள்ளச் சொல்லுங்கள்.

மாமல்லபுரம் போனால் அர்ச்சுனன் தபசுப் பாறை முன்னால் பிள்ளையை நிறுத்துங்கள். 'இங்கே ஒரு பூனை தவம் பண்ணுது, கண்டுபிடி' என்று மட்டும் சொல்லுங்கள். பெரிய யானையின் காலடியில் நிற்கும் குட்டிகளில் தொடங்கி, கைகளைத் தூக்கி நிற்கும் பூனையையும் அதைச் சுற்றியுள்ள எலிகளையும் சேருவதற்குள், வழிகாட்டி சொல்லும் எதைவிடவும் கூர்மையாக அந்தப் பாறையைப் பார்த்திருப்பார்கள்.

இரண்டு பிள்ளைகள் இருக்கும் வீட்டில் ஒரு எச்சரிக்கை. யார் முதலில் என்று போட்டி வைத்தால் மூத்தது எப்போதும் ஜெயிக்கும், இளையது புத்தகத்தைக் கிழிக்கும். மூத்ததைக் குறிப்புச் சொல்பவராக்கிவிடுங்கள். தெரிந்தும் சொல்லாமல் வாயை அடக்குவது அதற்கு நல்ல பயிற்சி, கொஞ்சம் அதிகாரமும் கிடைத்த மாதிரி.

இதையே செல்போனில் விளையாடினால் என்ன? தேடும் விளையாட்டுச் செயலிகள் நிறைய உண்டு. தொட்டதும் மணி அடிக்கும், நேரம் ஓடும், அடுத்த கட்டம் திறக்கும். தேடல் நடக்கிறது, பேச்சு நடப்பதில்லை. திரை சிறிது, பக்கத்தில் இன்னொருவருக்கு இடமும் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் தந்த வழிகாட்டுதலில் இரண்டு வயதுக்குட்பட்டோருக்குத் திரையே வேண்டாம், இரண்டு முதல் நான்கு வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்கிறது. உட்கார்ந்திருக்கும் நேரத்தில் பெரியவரோடு சேர்ந்து படிப்பதையும் கதை சொல்வதையும் அதே வழிகாட்டுதல் ஊக்குவிக்கிறது.

'கவனம் கூடும்', 'மூளைத்திறன் பெருகும்' என்று அட்டையில் போட்டிருப்பதை நம்பலாமா? அந்த வரிக்காகக் காசு கொடுக்காதீர்கள். ஒரு விளையாட்டில் பெறும் தேர்ச்சி பொதுவாக அந்த விளையாட்டோடு நின்றுவிடும். வாலியைச் சட்டென்று கண்டுபிடிக்கும் பிள்ளை வகுப்பில் கரும்பலகையைக் கவனிக்கும் என்று யாரும் உறுதி தர முடியாது. பேச்சும் சொல்வளமும்தான் நம்பிக்கையோடு எதிர்பார்க்கத் தக்க லாபம். அதுவும் நீங்கள் பக்கத்தில் இருந்தால்.

தற்செயலாகக் கிடைக்கும் இன்னொரு லாபம் உண்டு. கண்ணில் கோளாறு இருந்தால் இந்தப் புத்தகத்தின் முன்னால் அது தெரியவரும். குழந்தை எப்போதும் மூக்கு உரசப் பார்க்கிறதா? தலையை ஒரு பக்கம் சாய்த்தோ ஒரு கண்ணை மூடியோ பார்க்கிறதா? பச்சை இலைகளுக்கு நடுவே சிவப்புப் பழத்தை மட்டும் எப்போதும் தவறவிடுகிறதா? கடைசியாகச் சொன்னது நிறக்குருடாக (சில நிறங்களைப் பிரித்தறிய முடியாமை) இருக்கலாம், பெரும்பாலும் ஆண் பிள்ளைகளுக்கு வருவது. நீங்களே முடிவு கட்டாமல் கண் மருத்துவரிடம் காட்டுங்கள். குறிப்பாகச் சோம்பல் கண் (ஒரு கண்ணின் பார்வையை மூளை ஒதுக்கிவிடுவது) சின்ன வயதில் கண்டால் சரிசெய்ய நல்ல வாய்ப்புண்டு, தள்ளிப்போட்டால் கடினம்.

கடைசியாக, பேனா விஷயம். கண்டுபிடித்ததும் வட்டம் போடப் பிள்ளைகளுக்குக் கை துறுதுறுக்கும். ஒரு முறை வட்டம் போட்ட பக்கம் அதோடு தீர்ந்தது, தம்பி தங்கைக்கும் பயன்படாது. பழைய புத்தகக் கடையில் வாலி மலிவாகக் கிடைத்தால் முதலில் எல்லாப் பக்கத்தையும் புரட்டி, யாராவது வட்டம் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். வீட்டில் இருக்கும் புத்தகத்துக்கு, ஸ்டேஷனரி கடையில் கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் ஷீட் கிடைக்கும், அதைப் பக்கத்தின் மேல் வைத்து ஒயிட்போர்டு மார்க்கரைக் கையில் கொடுங்கள். எத்தனை வட்டம் போட்டாலும் ஈரத்துணியால் துடைத்தால் போய்விடும்.